வந்த வழியால் திரும்பாதவர்

வந்த வழியால் திரும்பிப் போவது அவருக்கு ஆகாது. பத்தடி தூரம் என்றாலும் ஆகாது. ஒருமுறை அவருடைய கையுறை ஒன்று சைக்கிளில் இருந்து விழுந்துவிட்டது. பின்னால் வந்த நான் கூப்பிட்டுச் சொன்னேன். இருநூறு மீற்றர் பின்னால், தார் ரோட்டின் ஓரத்தில் அது கிடப்பது அவருக்கும் தெரிந்தது. திரும்பிப் போய் எடுத்துவர ஒரு நிமிடம் போதும். அவர் திரும்பவில்லை. நேரே போய், சந்திக்குச் சந்தி வலது பக்கம் வளைந்து, வயல்களைச் சதுரம் சதுரமாகப் பிரிக்கிற அந்த நாட்டுப்புற ரோடுகளில் எட்டுக் கிலோமீற்றர் சுற்றி, முதலில் வந்த அதே திசையில் இருந்து மறுபடி வந்து கையுறையை எடுத்தார். நாங்கள் ஏழு பேரும் ஒரு சோளத் தோட்டத்து மதகில் குந்தியிருந்து, மீன் அடைத்த மாலு பணிஸ் தின்றுகொண்டிருந்தோம். வியர்த்து ஒழுக வந்து இறங்கியவர், தனக்கு ஒன்றாவது மிச்சம் வைத்தோமா என்று மட்டும் கேட்டார்.

அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் டொரோண்டோவின் ஸ்காபரோப் பக்கம் பாதிப்பேருக்கு ஆளைத் தெரியும். மோர்னிங்சைட்டில் பதினான்கு மாடிக் கட்டடம் ஒன்றைப் பார்த்துக்கொள்ளும் சுப்பராக இருந்தவர். எங்கள் சைக்கிள் கூட்டத்தில் மூத்தவர் என்பதால் எல்லோருக்கும் அவர் அண்ணை. போன மார்கழியில் செத்துப்போனார். செத்தவீட்டு மண்டபத்துக்கு வெளியே கோப்பிக் கப்போடு நின்ற இருவர் அவரைப்பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் சொன்னார்: "நல்ல மனுசன். ஆனா உந்தப் பிடிவாதத்தால ஒரு பெடியனைச் சாகக் குடுக்கப் பாத்தவர்." மற்றவர் ஓம் ஓம் என்று தலையாட்டினார்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். அது அப்படியில்லை என்பது எனக்குத் தெரியும். என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் உள்ளே பெட்டிக்குள் படுத்திருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை, கோப்பியைத்தான் குடித்தேன். இதை எழுத உட்கார்ந்தது அதனால்தான்.

நான் நகரத்துப் பஸ் ஓட்டுகிறவன். மோர்னிங்சைட்டில் இருந்து ஸ்டேசனுக்கு, ஸ்டேசனில் இருந்து மோர்னிங்சைட்டுக்கு. போன வழியால் திரும்பி வருவதற்குத்தான் எனக்குச் சம்பளம். இருபத்தொரு வருடமாக அதே வளைவு, அதே மருந்துக்கடை, அதே தரிப்பிடத்தில் அதே ஆட்கள். இடுப்பு ஒரு பக்கம் போய்விட்டது, முழங்கால் ஒரு பக்கம் போய்விட்டது. காலையில் கட்டிலை விட்டு எழும்பும்போதே அன்றைய நாளை ஓடி முடித்த களைப்பு வந்துவிடுகிறது. அவர் என்னுடைய பஸ்சில் ஸ்டேசனுக்குப் போவார். ஆனால் திரும்பும்போது ஒருநாளும் ஏறமாட்டார். வேறு தெருவால் போகிற பஸ் ஒன்றைப் பிடித்து, மிச்சத் தூரத்தை நடந்து முடிப்பார். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடம் எடுத்தது. கேட்டபோது அவர் என்னைத்தான் பரிதாபமாகப் பார்த்தார். ஒரு நாளைக்கு எத்தனை தரம் திரும்புகிறீர், உமக்கு அலுக்கிறதில்லையா என்று கேட்டார். அலுக்கும் என்றேன். அப்படியென்றால் ஞாயிற்றுக்கிழமை ஒரு சைக்கிளைக் கொண்டு வாரும் என்றார். நாற்பத்தைந்து வயதில் நான் சைக்கிள் ஓடத் தொடங்கியது அப்படித்தான்.

அவருடைய கட்டடத்திலும் இதே கூத்துத்தான். பதினான்காம் மாடிக்கு லிஃப்டில் ஏறுவார், படியால் இறங்கி வருவார். ஒவ்வொரு மாடியிலும் ஒரு பக்கக் கதவால் நுழைந்து மறுபக்கக் கதவால் வெளியேறுவார். கோயில் கார்த் தரிப்பில் பின்னுக்கு எடுக்காமல் நேரே வெளியேறக்கூடிய இடம் கிடைக்கும்வரை சுற்றிக்கொண்டே இருப்பார். பூசை முடிந்து சனம் வெளியே வரும்போதுதான் சில நாட்களில் அவர் உள்ளே போவார். காரின் ரிவேர்ஸ் கியர் துருப்பிடித்திருக்கும் என்று நாங்கள் பகிடி பண்ணுவோம். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

சனம் இதற்கு ஒரு கதை கட்டி வைத்திருந்தது. ஊரில் இடம்பெயர்ந்தபோது விட்டதை எடுக்க வந்த வழியால் திரும்பிப் போய் எதையோ பார்த்துவிட்டார், அதன்பிறகுதான் இப்படி என்று. கேட்பதற்கு நல்ல கதை. எனக்கும் அதில் நம்பிக்கை இருந்தது. ஒருநாள் ஏற்றம் ஒன்றில் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும்போது துணிந்து கேட்டேவிட்டேன். அப்படி ஒரு மண்ணும் இல்லை, ஒருக்கால் பார்த்ததைத் திரும்பப் பார்த்தால் தனக்குக் கொட்டாவி வரும், அவ்வளவுதான் என்றார். அந்தப் பதில் எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

ஆனால் ரோட்டோடு மட்டும் அந்தக் குணம் நிற்கவில்லை. மார்க்கம் என்கிற ஊரில் அவருடைய தம்பி பெரிய வீடு வாங்கிக் குடிபுகுந்த அன்று, யாருக்கு முதல் பந்தி என்பதிலோ எதிலோ ஒரு வாய்த்தர்க்கம். இனி இந்த வீட்டுப் படி மிதியேன் என்று சொல்லிவிட்டு வந்தார். தம்பி வந்து கெஞ்சினார், தம்பியின் மனைவி அழுதாள். பத்து வருடம் போகவில்லை. தம்பியின் மகனுக்குக் கல்யாணம் நடந்தபோது மண்டபத்துக்கு முதல் ஆளாகப் போய்க் கதிரை அடுக்கினார். வீட்டுக்கு வந்து பொம்பிளை மாப்பிள்ளையைக் கூட்டிப் போகச் சொன்னபோது மட்டும், வீட்டுக்குத்தான் வரமாட்டேன் என்றேன், மண்டபத்துக்கு வந்தேன்தானே என்று சொல்லி நின்றுவிட்டார். எங்களுக்குச் சிரிப்பாகவும் இருந்தது, அவரை நினைக்கக் கொஞ்சம் பயமாகவும் இருந்தது. ஒரு சொல்லை விட்டால் அதைத் திரும்பப் போய்ப் பொறுக்குகிற ஆள் இல்லை அவர்.

பெரிய சுற்று அவர் கண்டுபிடித்தது. இரண்டு பனிக்காலம் முழுக்கத் தன் அறையில் கடதாசி வரைபடங்களை விரித்து, சிவப்புப் பேனையால் கீறிக் கீறி அழித்து எழுதிய வட்டம் அது. நானூற்றொன்றாம் நெடுஞ்சாலையில் கிழக்கே ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் காரில் போய், ஒரு சின்ன ஊரில் காரை விட்டுவிட்டுத் தொடங்குவோம். முதலில் வடக்கே மலைகள். மலை என்றவுடன் நுவரெலியாவை நினைக்கக்கூடாது. எந்தக் காலத்திலோ பனிப்பாறைகள் குவித்துவிட்டுப் போன மேடுகள்தான். ஆனால் ஒன்று முடியுமுன் ஒன்று வரும். ஏறி முடித்துவிட்டோம் என்று நிமிர்ந்தால் அடுத்தது எதிரே நிற்கும். மரக் களஞ்சியங்கள், இரண்டு குதிரை, வரிசையாக நாலு தபால் பெட்டி, பிறகு அரை மணித்தியாலத்துக்கு ஒன்றும் இல்லை. போனில் சிக்னலும் இருக்காது. கடைசி மேட்டின் உச்சியில் ஒரு ஒற்றைக் கடை. அங்கே தண்ணீர் வாங்கிக்கொண்டு மூன்று கிலோமீற்றர் சறுக்கி இறங்கினால் தரை தட்டையாகும், அங்கிருந்து கொஞ்சத் தூரத்தில் வைன் தோட்டங்கள் தொடங்கும். ஏரிப் பக்கம் போய் வேறு ரோட்டால் காருக்கு வந்து சேர நூற்றுப் பத்துக் கிலோமீற்றர். ஒரு அடி தூரத்தைக்கூட இரண்டாம் தரம் மிதிக்க வேண்டியதில்லை என்று அவர் பெருமைப்படுவார்.

நாலு வருடத்தில் பத்துப் பன்னிரண்டு தரமாவது அந்தத் தோட்டங்களுக்கு நடுவால் ஓடியிருப்போம். ஒருநாளும் வைன் குடித்ததில்லை. இறுக்கமான காற்சட்டையோடு உள்ளே போக வெட்கம் ஒன்று, பாதிப்பேருக்கு விரதம் என்பது மற்றது. மன்னாரில் இருந்து வந்த ரஞ்சன் மட்டும், பூசையில் ஃபாதர் குடிக்கிறதைப் பார்த்ததே தனக்குக் காணும் என்பான். ரஞ்சன்தான் கூட்டத்தில் இளையவன், நாற்பது வயது. வீடுகளுக்குக் கூரை அடிக்கிற வேலை. ஒவ்வொரு இறக்கத்துக்கு முன்னாலும் சிலுவை போட்டுக்கொள்வான். சிலுவை போட ஒரு கையை எடுக்கிறதுதான் ஆபத்து என்று அவனை எல்லோரும் நக்கலடிப்போம்.

கார்த்திகை மாதத்தில் ஒருமுறை போனபோது, கொடிகளையெல்லாம் படுக்கவைத்து மண்ணால் மூடிக்கொண்டிருந்தார்கள். குளிருக்குத் தப்ப அப்படிச் செய்வார்களாம், வசந்தத்தில் கிளறி எடுப்பார்களாம். வழமையாக எங்கும் நிற்காதவர் அன்று இறங்கி, வேலியில் கையூன்றி வெகுநேரம் பார்த்தார். எனக்கும் ஐந்து மாதம் இப்படி மண்ணுக்குள் படுக்கக் கிடைத்தால் நல்லது என்றேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன், பகிடிக்குத்தான். அவர் சிரிக்காமல், உமக்கு என்ன களைப்பு என்று கேட்டார். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் வேலைக் களைப்பு என்றேன். அன்றைய மிச்சத் தூரம் முழுக்க எனக்கு முன்னால் ஓடிக் காற்றை மறித்துக்கொண்டு வந்தார்.

இனி அந்த நாள். ஐந்து வருடத்துக்கு முந்திய புரட்டாதி, ஞாயிற்றுக்கிழமை. அந்தக் கிழமை நான் ஆறு நாளும் மேலதிக நேரம் ஓடியிருந்தேன். வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவும் அலுப்பாக இருந்தது, போய்விட்டேன். மற்றவர்கள் வேகமாக முன்னால் போய்விட்டார்கள். முழங்கால் நோவோடு வந்த அண்ணை அன்றைக்குக் கடைசி ஆள். அவருக்கு முன்னால் நான், எனக்கு முன்னால் ரஞ்சன். அவன் அன்றைக்கு ஒருநாளும் இல்லாதபடி மெதுவாக ஓடினான்.

உச்சிக் கடையில் தண்ணீர் வாங்கி, சறுக்கி இறங்கி, தரை தட்டையாகிற இடத்தில் ரஞ்சன் சைக்கிளை நிறுத்திவிட்டுப் புல்லில் இருந்தான். நெஞ்சுக்குள் ஏதோ அடைக்கிறது என்றான். இடது தோள் உளைகிறது என்றான். விடிய வரும் வழியில் காருக்குள் மூன்று மாலு பணிஸ் தின்றிருந்தான். வாய்வு என்று அவனே சொன்னான். எங்கள் ஆட்களுக்கு நெஞ்சு நொந்தால் முதலில் வாய்வுதான். என்னுடைய தகப்பனும் வாய்வு என்று சொல்லி உள்ளியும் பெருங்காயமும் தின்றுகொண்டே போய்ச் சேர்ந்தவர். அதை நினைத்திருக்க வேண்டியவன் நான். சட்டைப் பையில் கிடந்த இஞ்சி டொஃபி ஒன்றை உரித்து அவன் வாயில் வைத்தேன்.

அண்ணை குனிந்து அவனுடைய முகத்தைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த ஒரேயொரு பண்ணை வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினார். ஆள் இல்லை. மூன்று பேரின் போனையும் தூக்கிப் பிடித்துப் பார்த்தோம், சிக்னல் இல்லை. பின்னால் மூன்று கிலோமீற்றரில், ஏற்றத்தின் உச்சியில் அந்தக் கடை, அதில் ஒரு மனுசி, மேசையில் ஒரு போன். முன்னால் பதினொரு கிலோமீற்றரில் முதலாவது வைன் தோட்டம். ரோடு தட்டை.

அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "திரும்ப வேணும்போல கிடக்கு. என்ர முழங்கால் இண்டைக்கு ஏறாது. நீர் கெதியா ஏறிப் போய்க் கடையில அம்புலன்சுக்கு அடியும். நான் இவனோட நிக்கிறன்."

நாலு வருடத்தில், இல்லை, அவரை அறிந்த காலம் முழுவதிலும், திரும்ப வேண்டும் என்று அவர் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தரம்தான்.

நான் அந்த ஏற்றத்தை நிமிர்ந்து பார்த்தேன். வெயில் ஏறி, தார் பளபளத்துக்கொண்டிருந்தது. என்னுடைய கால்கள் இரண்டும் எனக்குச் சொந்தமில்லாததுபோல் இருந்தன. ரஞ்சனுக்கு வந்திருப்பது என்ன என்று அந்த நேரத்தில் நான் உண்மையாக யோசிக்கவில்லை. அந்த மூன்று கிலோமீற்றரை மறுபடி ஏற வேண்டும் என்பதை மட்டுமே யோசித்தேன்.

"வாய்வுதான் அண்ணை," என்றேன். "முன்னாலயே போவம். தட்டை ரோடுதானே, மெல்லமா உருட்டிக்கொண்டு போகலாம்."

நிச்சயமா என்று கேட்டார். வேலையில் எனக்கு ஒருநாள் முதலுதவி வகுப்பு நடத்திச் சான்றிதழ் தந்திருந்தார்கள். அது அவருக்குத் தெரியும், அதனால்தான் என்னைக் கேட்டார். நிச்சயம் என்றேன். ரஞ்சன் கண்ணை மூடிக்கொண்டு புல்லில் கிடந்தான். பிறகு கையை ஊன்றி எழும்பி, சைக்கிளில் ஏறினான்.

ஏழு கிலோமீற்றர் போனான். தோட்டத்துக்கு இன்னும் நாலு கிலோமீற்றர் கிடக்கும்போது சத்தி எடுத்தான், பக்கவாட்டில் சரிந்தான். அண்ணை அந்த முழங்காலோடு தோட்டம் வரைக்கும் தனியே ஓடி, தோட்டக்காரனின் பிக்கப் வண்டியோடு வந்தார். அம்புலன்ஸ் தோட்டத்து வாசலில்தான் அவனை ஏற்றியது. அப்போது அவனுக்கு நோ தொடங்கி ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகியிருந்தது.

ரஞ்சன் பிழைத்தான். ஆனால் இதயத்தின் ஒரு பகுதி செத்துவிட்டது, கொஞ்சம் முந்தியிருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டொக்டர் சொன்னார். இனிக் கூரையில் ஏற முடியாது, பாரம் தூக்க முடியாது. அவனுடைய மனைவி சுகி பின்னேரம் டொரோண்டோவில் இருந்து வந்து சேர்ந்தாள். ஆஸ்பத்திரி நடைபாதையில் எங்கள் இருவருக்கும் முன்னால் வந்து நின்று, மேலே ஒரு கடை இருந்ததாமே, ஏன் திரும்பவில்லை என்று கேட்டாள். சத்தம் போடவில்லை. அது இன்னும் கொடுமையாக இருந்தது.

அண்ணை ஒருதரம் என்னைப் பார்த்தார். பிறகு அவளிடம் சொன்னார்: "நான்தான் பிள்ளை. முன்னால போவம் எண்டு நான்தான் சொன்னனான்."

நான் பொய் சொல்லவில்லை. நடைபாதை மூலையில் நின்ற, காசு போட்டுப் பானம் எடுக்கிற பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எப்படி வரும்? கையுறைக்காக எட்டுக் கிலோமீற்றர் சுற்றிய மனுசன். தம்பி வீட்டுப் படி மிதிக்காத மனுசன். அவர் திரும்பவில்லை என்றால் நம்பாதவர்கள் யார்? அந்த ஒரு குணத்தை நாங்கள் எல்லோரும் சேர்ந்து கதைகதையாகச் சொல்லிச் சிரித்து ஊர்முழுக்கப் பரப்பியிருந்தோம். அது அன்றைக்கு எனக்கு ஒளிந்துகொள்ள உதவியது.

திரும்பி வரும்போது காரில் நானும் அவரும்தான். அண்ணை, நான் வந்து, என்று தொடங்கினேன். ரோட்டைப் பார்த்து ஓடும் என்றார். அதற்குமேல் நானும் முயலவில்லை. சுகியிடம் ஒரு சொல்லை விட்டுவிட்டார், இனி அதைத் திரும்பப் பொறுக்கமாட்டார் என்று எனக்குள் ஒரு சமாதானம். அது எனக்கு வசதியாக இருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

அதன்பிறகு அவர் சைக்கிளுக்கு வரவில்லை. வரச்சொல்லி யாரும் வற்புறுத்தவும் இல்லை. கூட்டம் ஒரு வருடத்தில் கலைந்தது. நான் என்னால் முடிந்ததைச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். ரஞ்சனை இருதய டொக்டரிடம் போகிற நாட்களிலெல்லாம் லீவு போட்டு என் காரில் கூட்டிப் போனேன். ஐந்து வருடம், ஒன்றையும் தவறவிடவில்லை. சுகி என்னை உடன்பிறந்த அண்ணா என்று ஆட்களுக்கு அறிமுகப்படுத்துவாள். அண்ணையின் பேச்சு வந்தால் எழும்பிக் குசினிக்குப் போய்விடுவாள்.

அவர் எனது பஸ்சில் தொடர்ந்து ஏறினார். எப்படி இருக்கிறீர் என்பார், ரஞ்சன் எப்படி என்பார். ஒருநாள் பஸ்சில் எங்கள் ஆள் ஒருவர், அண்ணை இப்பவும் திரும்புகிறதில்லையோ என்று எல்லோருக்கும் கேட்கக் கேட்டார். அதில் நக்கலைவிட வேறு ஏதோவும் இருந்தது. அவர் கம்பியைப் பிடித்தபடி சும்மா சிரித்தார். கண்ணாடியில் அதைப் பார்த்தேன். கதவை மூடிவிட்டு பஸ்சை எடுத்தேன். வேறு என்ன செய்திருக்கலாம் என்று எனக்குத் தெரியும், நான் செய்தது இதுதான்.

பிறகு மார்கழியில் செத்தவீடு. படி மிதிக்காத வீட்டுத் தம்பி பெட்டியின் காலடியில் நின்று அழுதார். வெளியே அந்தக் கோப்பிக் கதை. ரஞ்சனும் சுகியும் வரவில்லை.

இரண்டு கிழமை கழித்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். சுகி வேலையால் வந்திருக்கவில்லை. ரஞ்சன் மாத்திரைப் பெட்டியில் கிழமை வரிசைக்கு மாத்திரை போட்டுக்கொண்டிருந்தான். கதிரையில் இருந்தவுடனே சொல்லிவிட்டேன். தாமதித்தால் சொல்லமாட்டேன் என்று தெரியும்.

அவன் மாத்திரை போடுவதை நிறுத்தவில்லை. "தெரியும் அண்ணா," என்றான். "கண்ணைத்தானே மூடியிருந்தனான். காது கேட்டதுதானே."

ஐந்து வருடமாகத் தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். ஆஸ்பத்திரியில் அண்ணை பார்க்க வந்தபோது அவரிடம் அதைக் கேட்டானாம். அவர் கட்டில் ஓரத்தில் இருந்து சொன்னாராம்: "அவன் களைச்சுப் போயிருந்தவன். விடு."

"அதுக்காக நீ விட்டனியோ?"

ரஞ்சன் அப்போதுதான் என்னைப் பார்த்தான். "நான் அதுக்காக விடேல்ல. உங்களையும் பகைச்சால் என்னை ஆர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறது?" கோபமாகச் சொல்லவில்லை. களைத்த குரலில், கணக்காகச் சொன்னான். சுகிக்குச் சொல்லாதேங்கோ, புதன்கிழமை பத்து மணிக்கு டொக்டர் இருக்கிறது என்றான்.

நான் எழும்பவில்லை. சுகி வரும்வரை இருந்தேன். அவள் வந்து குளிர்ச்சட்டையைக் கழற்றிக் கொளுவ முதலே, அன்றைக்கு முன்னால் போவம் என்று சொன்னது நான், அண்ணை திரும்பத்தான் சொன்னவர் என்றேன். அவள் ரஞ்சனைப் பார்த்தாள். அவன் மாத்திரைப் பெட்டியைப் பார்த்தான். அதில் இருந்து அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. என்னை ஏசுவாள் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். கையில் இருந்த சட்டையை மறுபடி போட்டுக்கொண்டு வெளியே போனாள்.

புதன்கிழமை பத்து மணிக்கு முன்னால் வாசலில் காரோடு நின்றேன். வருவார்களா என்று தெரியாது. இருவரும் வந்தார்கள். வழமையாக முன்னால் ஏறுகிற ரஞ்சனைப் பின்னால் ஏற்றி, அவனுக்குப் பக்கத்தில் சுகி இருந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் காரை நிறுத்தினேன். இறங்கும்போது கதவைப் பிடித்தபடி கேட்டாள்.

"அண்ணையின்ர முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி எண்டைக்கு?"

வாற சனிக்கிழமை, தம்பி வீட்டில் என்றேன்.

"எங்களையும் ஏத்திக்கொண்டு போங்கோ. அதுக்குப் பிறகு நீங்கள் எங்கட வீட்டுக்கு வர வேண்டாம்."

சரி என்றேன். சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் போய் அவர்களை ஏற்றினேன்.